ஆங்கில வசைச்சொற்கள்: எதற்கு எவ்வளவு கனம்?

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம் ஆங்கில வசைகளுக்குப் பஞ்சமே இல்லை. எடைக்கல்தான் இல்லை. யாராவது "பிளடி" என்று சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகிறது. அதே ஆள் அடுத்த நிமிடம் பக்கத்து இருக்கைக்காரரை "ரிட்டார்ட்" (மூளை வளர்ச்சி குன்றியவன்) என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார். லண்டனில் இருக்கும் மேலாளர் முதல் சொல்லைக் கண்டுகொள்ளவே மாட்டார். இரண்டாவது சொல்லுக்கு மனிதவளப் பிரிவிலிருந்து கடிதம் வரும். லேசானதைக் கண்டு நடுங்குகிறோம், கனமானதை அள்ளி வீசுகிறோம்.

பங்சார் சவுத்தில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. காலையில் ஆஸ்திரேலியா, சாயங்காலம் இங்கிலாந்து, ராத்திரி அமெரிக்கா என்று அழைப்புகள் வரும். மூன்று நாட்டுக்காரர்களும் திட்டுவார்கள், மூன்றும் மூன்று விதம். கீழே இருப்பது அந்தப் பயிற்சியில் நான் சொல்லும் வரிசைதான். சொற்களை மறைக்காமல் எழுதுகிறேன். நட்சத்திரக் குறி போட்டால் தெரியாதவருக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். ஒரே ஒரு சொல்லை மட்டும் எழுதப்போவதில்லை. காரணத்தை அந்த இடத்தில் சொல்கிறேன்.

படி 1: உங்கள் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள்

நம் வீடுகளுக்கு ஆங்கில வசை இரண்டு வழியாக வந்தது. ஒன்று தோட்டம். வெள்ளைக்காரத் துரை கிராணியை (எழுத்தரை) திட்டினார், கிராணி மண்டோரை (மேஸ்திரியை) திட்டினார், மண்டோர் நம் தாத்தா பாட்டியைத் திட்டினார். ராஸ்கல், பிளடி ஃபூல், இடியட், நான்சென்ஸ், டேமிட் எல்லாம் அந்த வழியில் இறங்கியவை. போதாக்குறைக்குத் தமிழ் சினிமாவில் பணக்கார அப்பாக்களும் போலீஸ் அதிகாரிகளும் அதே சொற்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். அதனால் "ராஸ்கல்" என்பது நம் காதில் கைகலப்புக்கு முந்திய சொல். இன்றைய ஆங்கிலத்தில் அது பிஸ்கட் திருடிய பேரனைப் பாட்டி கொஞ்சும் சொல். ஒரு ஐம்பது வயது ஆங்கிலேயரைப் பார்த்துக் கோபமாக "யூ ராஸ்கல்" என்று கத்தினால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

"பக்கர்" இன்னும் வேடிக்கை. "அந்த பக்கர் இன்னும் வரலையா?" என்று மாமாக் கடையில் அங்கிள்கள் பேசிக்கொள்வார்கள். இங்கே அதற்கு "ஆள்", "பயல்" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் அதன் வேர்ச்சொல் ஒரு பாலியல் குற்றத்தின் பெயர். இன்றைய இங்கிலாந்தில் தேய்ந்துபோன லேசான வசை. என்றாலும் வாடிக்கையாளர் காதில் விழக் கூடாது.

இரண்டாவது வழி அமெரிக்கத் தொடர்கள், ராப் பாட்டு, கைப்பேசி விளையாட்டு. பிட்ச், மதர்ஃபக்கர், ரிட்டார்ட் போன்றவை இப்படி வந்தவை. திரையில் இரண்டு நண்பர்கள் பத்து வருடப் பழக்கத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். நம் பிள்ளை அந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறான். பத்து வருடப் பழக்கம் கூடவே வருவதில்லை.

நீங்கள் அடிக்கடி சொல்லும் ஆங்கில வசைகளை ஒரு தாளில் எழுதி, யாரிடமிருந்து கேட்டுக்கொண்டீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். தாத்தாவிடம் கேட்டது பெரும்பாலும் இன்று லேசானது. ஹெட்ஃபோனில் கேட்டது பெரும்பாலும் கனமானது.

படி 2: சொல் எதைத் தொடுகிறது என்று பாருங்கள்

ஆங்கில வசைகள் சில இடங்களைத்தான் தொடும். கடவுள், நரகம்: டேம், ஹெல், ஜீசஸ். இவை ஒரு காலத்தில் பெரும்பாவம், இன்று பெருமூச்சு மாதிரி. பக்தியுள்ள கிறிஸ்தவர்களிடம் மட்டும் கவனம் வேண்டும். அவர்களுக்கு "ஜீசஸ் கிரைஸ்ட்" என்று சலித்துக்கொள்வது ஷிட் என்று சொல்வதைவிட மோசம். அடுத்து உடம்பும் கழிவறையும்: ஷிட், க்ராப், ஆர்ஸ், ஆஸ்ஹோல். அப்புறம் உடலுறவு: ஃபக்கும் அதன் குடும்பமும். பிறப்பும் தாயும்: பாஸ்டர்ட், சன் ஆஃப் எ பிட்ச். மூளையும் ஊனமும்: இடியட், மோரன், ரிட்டார்ட், ஸ்பாஸ்டிக். கடைசியாக இனம், பாலினம், மதம்.

தமிழில் உச்சம் தாய்தான். அம்மாவை இழுத்தால் பேச்சு முடிந்தது, கை பேசும். அந்த அளவுகோலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில்தான் பாதிக் குழப்பம். ஆங்கிலத்தில் "சன் ஆஃப் எ பிட்ச்" என்பவர் உங்கள் அம்மாவை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கார் கிளம்பாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்.

பிரிட்டிஷ் ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2016இல் மக்களிடம் கேட்டு வெளியிட்ட பட்டியலில் பிளடி, க்ராப், டேம் எல்லாம் லேசானவை. பிட்ச், ஷிட் நடுத்தரம். பாஸ்டர்ட் கடுமை. ஃபக் உச்சத்தில். ஆனால் அந்த ஆய்வில் மக்கள் மிகவும் வெறுத்தது சாதாரண வசைகளை அல்ல, இனத்தையும் பிறவற்றையும் வைத்து மனிதரைத் தாழ்த்தும் சொற்களை. அதாவது கடவுளிலிருந்து படுக்கையறைக்கும், அங்கிருந்து அடையாளத்துக்கும் கனம் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தோட்டத்து ஆங்கிலம் முதல் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டது.

மூளையைத் தொடும் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இடியட், இம்பெசில், மோரன் மூன்றும் ஒரு காலத்தில் மருத்துவச் சொற்கள், அறிவுத்திறன் குறைந்தவர்களை வகைப்படுத்தப் பயன்பட்டவை. மோரன் என்பதை ஹென்றி கோடர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1910இல் உருவாக்கினார். அவை தெருவுக்கு வந்து வசையானதும் அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் ரிட்டார்டேஷன். அதுவும் வசையாக, 2010இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுப் பல கூட்டரசுச் சட்டங்களிலிருந்து அதை எடுத்தது. இடியட் பழசாகித் தேய்ந்துவிட்டது; ரிட்டார்ட் இன்னும் பச்சைப் புண். ஊனமுற்ற பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கலாம். இந்தச் சொல்லை இன்றே விட்டுவிடுங்கள்.

படி 3: ஆள் மேல் விழுகிறதா, பொருள் மேல் விழுகிறதா

"ஃபக்" என்று காதில் விழுந்ததும் பதறும் புதியவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான். "மை ஃபக்கிங் இன்டர்நெட் இஸ் டவுன்" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் திட்டுவது இணையத்தை. நம் ஊர் "டேம் நைஸ் லா" மாதிரி அந்தச் சொல் வெறும் அழுத்தம். "ஃபக் யூ" என்றால்தான் உங்களை. "திஸ் இஸ் ஷிட்" என்றால் சேவை மோசம், "யூ ஆர் எ ஷிட்" என்றால் நீங்கள் மோசம். வசைக்குப் பக்கத்தில் "யூ" வந்ததா என்று கேளுங்கள். பத்தில் ஏழெட்டுத் தடவை அதிலேயே விடை கிடைக்கும்.

மீதித் தடவைகளில் அகராதியும் கைவிடும். "யூ ஆர் தி ஷிட்" என்பது பாராட்டு. நடுவில் அந்த "தி" விழுந்துபோனால் வசை. "நோ ஷிட்" என்றால் "இதைச் சொல்ல நீ வேணுமா" என்ற நக்கல். "புல்ஷிட்" என்றால் பொய், புளுகு. அதைக் கோபத்தில் சொன்னால் உங்களைப் பொய்யர் என்கிறார், ஆகவே அது ஆள் மேல் விழும். "பேட்ஆஸ்" மெச்சுதல், "ஸ்மார்ட்ஆஸ்" அதிகப்பிரசங்கி, "டம்ப்ஆஸ்" மடையன். "ஸ்க்ரூ அப்" என்றால் வேலையைச் சொதப்புவது, "ஸ்க்ரூ யூ" என்றால் ஃபக் யூவின் தம்பி. "சக்ஸ்" இப்போது "படு மோசம்" என்ற அளவில் நிற்கிறது. பிறந்த இடம் அசிங்கமானதுதான், ஆனாலும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

படி 4: எந்த நாட்டுக்காரர் பேசுகிறார்

"ஐ ஆம் பிஸ்ட்" என்று அமெரிக்கர் சொன்னால் கோபமாக இருக்கிறார்; ஆங்கிலேயர் சொன்னால் குடித்திருக்கிறார். "ஃபேனி" அமெரிக்காவில் பின்பக்கம், சின்னப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லலாம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அது பெண்ணுறுப்பு. இடுப்பில் கட்டும் பையை "ஃபேனி பேக்" என்று அமெரிக்க வழக்கப்படி சொல்லிப் பழகியவர்கள் லண்டன் அழைப்பில் நாக்கைக் கட்டுப்படுத்த வேண்டும். "வாங்கர்" இங்கிலாந்தில் அழுத்தமான வசை, பல அமெரிக்கர்களுக்கு வேடிக்கைச் சொல். "கன்ட்" அமெரிக்காவில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆகக் கீழ்த்தரமான சொல். ஆஸ்திரேலியாவிலும் ஸ்காட்லாந்திலும் நண்பர்களுக்குள் சர்வசாதாரணமாக உலவும். நீங்கள் அந்த நண்பர் வட்டத்தில் இல்லை, ஆகவே உங்களுக்கு எங்கேயும் கிடையாது.

2006இல் ஆஸ்திரேலியச் சுற்றுலாத் துறை "வேர் தி பிளடி ஹெல் ஆர் யூ?" என்று விளம்பரம் போட்டது. அவர்களுக்கு அது தோளில் கைபோட்டு அழைப்பது. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் முதலில் அனுமதி மறுத்தார்கள். ஒரே மொழி பேசும் இரண்டு நாட்டுக்கே இந்தக் கதி.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 2008 ஜனவரி சிட்னி டெஸ்ட் மறந்திருக்காது. ஹர்பஜன் சிங் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்றார் என்ற புகார்தான் எல்லாருக்கும் ஞாபகம். அதே ஆட்டத்தில் பிராட் ஹாக், கும்ப்ளேயையும் தோனியையும் பாஸ்டர்ட் என்றதற்கு இந்திய அணி புகார் கொடுத்தது; பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியருக்கு பாஸ்டர்ட் என்பது "டேய்" மாதிரி. "லக்கி பாஸ்டர்ட்" என்று நண்பனை வாழ்த்துவார்கள். நம் ஆளுக்கு அது அப்பன் பெயர் தெரியாதவன். யார் செய்தது சரி என்று அந்தக் காலத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடைகளில் பெரிய வழக்காடு மன்றமே நடந்தது.

"ஸ்பாஸ்டிக்" பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கான பழைய சங்கங்களின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. நாம் மரியாதையோடுதான் சொல்கிறோம். இங்கிலாந்தில் அதே பணியைச் செய்த சங்கம் 1994இல் தன் பெயரை ஸ்கோப் என்று மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பெயரையே எடுத்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதுதான் காரணம். அமெரிக்காவில் அதன் சுருக்கமான "ஸ்பாஸ்" வெகுகாலம் "படபடப்பானவன்" என்ற அளவில் இருந்தது. ஒரு சொல், மூன்று கரை.

படி 5: வசை மாதிரியே தெரியாத வசைகள்

நம்மவர்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது இங்கேதான். கெட்ட வார்த்தை என்று தெரிந்தால் யாரும் வாடிக்கையாளரிடம் சொல்லப்போவதில்லை. தெரியாத சொல்தான் வேலைக்கு உலை வைக்கும்.

ஒரு அழைப்புப் பதிவு. செந்தூலைச் சேர்ந்த ஒரு பையன், நல்ல குரல், பொறுமைசாலி. அமெரிக்காவிலிருந்து ஒரு பெண், பேச்சிலிருந்தே கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. பணம் திரும்ப வராததைப் பற்றிப் பேச்சு சுமுகமாகப் போகிறது. "யூ பீப்பிள் ஹாவ் டு கால் த பேங்க் ஃபர்ஸ்ட்" என்கிறான் பையன். இரண்டு விநாடி மௌனம். "வாட் டூ யூ மீன், யூ பீப்பிள்?" பையனுக்குப் புரியவில்லை, சரியாகக் கேட்கவில்லை போல என்று நினைத்து, இன்னும் தெளிவாக, இன்னும் மெதுவாக, "யூ... பீப்பிள்..." என்று மறுபடி சொல்கிறான். அழைப்பு துண்டிக்கப்படுகிறது.

அவன் மனதில் ஓடியது "நீங்கதான்" என்ற மரியாதைப் பன்மை. அமெரிக்காவில் "யூ பீப்பிள்" என்றால் "உங்க இனத்து ஆளுங்க". 1992இல் அதிபர் தேர்தலில் நின்ற ராஸ் பெரோ, கறுப்பின மக்களின் பெரிய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் மாநாட்டில் இந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "யூ" மட்டும் போதும். அதிலேயே மரியாதை இருக்கிறது.

"பாய்" (boy, பையன்) இன்னொன்று. நம் வீட்டில் கடைக்குட்டிக்குச் செல்லப்பெயரே "பாய்"தான். நாற்பது வயதானாலும் அத்தைக்கு அவன் பாய். அமெரிக்காவில் கறுப்பின ஆணைப் பார்த்து "பாய்" என்பது அடிமைக் காலத்தின் அழைப்பு. அலபாமாவில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் வெள்ளை மேலாளர் கறுப்பினத் தொழிலாளர்களை அப்படி அழைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2006இல் நீதிமன்றம், பக்கத்தில் இனத்தைச் சுட்டும் வேறு சொல் இல்லாவிட்டாலும் அந்த ஒரு சொல்லே இனவெறிக்குச் சான்றாகலாம் என்றது. பொருளை முடிவு செய்ய எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது: சூழல், உச்சரிப்பின் ஏற்ற இறக்கம், குரலின் தொனி, உள்ளூர் வழக்கம், அந்தச் சொல்லின் வரலாறு. வசையை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. பயிற்சி அறை வெள்ளைப் பலகையில் இந்த ஐந்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"நீக்ரோ" நம் பழைய பாடநூல்களில் சாதாரணமாக இருந்தது. ஆங்கிலத்தில் இன்று சொல்லக் கூடாது, "பிளாக்" சரி. அதே வேரிலிருந்து பிறந்து "N" என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல்லைத்தான் நான் எழுதப்போவதில்லை. ராப் பாட்டில் கறுப்பினத்தவர் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லலாம் என்பதால் நாமும் சொல்லலாம் என்று ஆகாது. பாட்டோடு சேர்ந்து பாடினாலும் அப்படித்தான். "பாக்கி" என்று இங்கே பாகிஸ்தான்காரரைச் சுருக்கமாகச் சொல்வோம். இங்கிலாந்தில் அது தெற்காசிய முகம் உள்ள எவரையும் அடிக்கும் இனவெறிச் சொல். படிக்கப்போகும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள், அவர்கள் மேலேயே விழக்கூடிய சொல் அது.

நம்மிடமிருந்து போன சொற்களும் உண்டு. "பரையா ஸ்டேட்" என்று ஆங்கிலப் பத்திரிகைகள் ஒதுக்கப்பட்ட நாடுகளைப் பற்றி எழுதும். எழுதுபவருக்கு அது ஒரு சாதியின் பெயர் என்ற நினைப்பே இருக்காது. நமக்கு அது எப்படிச் சுடும் என்று 2011 சொல்லும். 'இன்டர்லோக்' நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வந்தபோது அதிலிருந்த அந்தச் சொல்லுக்காக நாடு முழுதும் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, கடைசியில் அந்த நூல் பாடத்திலிருந்து எடுக்கப்பட்டது. "கூலி" தமிழில் உழைப்புக்கான காசு. தென்னாப்பிரிக்காவில் "கூலி" என்றால் இந்திய வம்சாவளியினர் மேல் காறித் துப்புவதற்குச் சமம். டர்பன் வாடிக்கையாளரிடம் வேடிக்கைக்குக்கூட வேண்டாம்.

ஒரே சொல்லின் கனம் இடத்துக்கு இடம் மாறுவது வெளிநாட்டார் ஒருவருக்கு விளங்காவிட்டால் நான் பினாங்கைக் காட்டுவேன். ஜார்ஜ்டவுனில் 1801 வாக்கில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கிறது, அதன் பெயரில் சாலையும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் எந்தத் தமிழருக்கும் கோபம் வராது. இந்திய வம்சாவளியினரைக் குறிக்கும் அதே "கெலிங்" என்ற மலாய்ச் சொல்லைப் பள்ளித் திடலில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துச் சொன்னால் அன்று அடிதடி. சொல் அதேதான்; அந்த ஐந்தும் மாறிவிட்டன.

இனிப்பான வசைகளும் இருக்கின்றன. "பிளெஸ் யுவர் ஹார்ட்" என்று அமெரிக்கத் தென்மாநிலப் பாட்டி சொன்னால் பெரும்பாலும் "ஐயோ பாவம், மண்டையில ஒண்ணும் இல்ல" என்று பொருள். "வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்" என்று ஆங்கிலேயர் தொடங்கினால் மரியாதை அத்தோடு முடிந்தது. "லிசன், சன்ஷைன்" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார்.

படி 6: உங்கள் மேல் விழுந்தால்

அழைப்பில் என்றால் முதலில் படி 3. பொருள் மேல் விழுந்த வசையைக் காதில் வாங்காமல் வேலையைப் பாருங்கள். ஆள் மேல் விழுந்தால் குரலை உயர்த்தாமல் ஒரே வாக்கியம்: "ஐ வான்ட் டு ஹெல்ப் யூ, பட் ஐ வில் ஹாவ் டு எண்ட் திஸ் கால் இஃப் திஸ் லாங்குவேஜ் கன்டினியூஸ்." மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவர் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லவும் வேண்டாம். பெரும்பாலான மையங்களில் எச்சரிக்கை கொடுத்த பிறகு துண்டிக்க அனுமதி உண்டு. எத்தனை எச்சரிக்கை என்று சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திட்டியவர் மேலாளர் என்றால் வீட்டுக்குப் போவதற்குள் எழுதி வையுங்கள். "என்னை அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் பயனில்லை. சொன்ன சொல் எதுவோ அதுவே வேண்டும். நம் பெண்கள் இங்கேதான் கூச்சப்பட்டு வழக்கையே இழக்கிறார்கள். நேரம், இடம், கூட இருந்தவர்கள், படி 5இல் சொன்ன அந்த ஐந்தும். பாலியல் வசை என்றால் மலேசியாவின் 2022ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, இழப்பீடு 250,000 ரிங்கிட் வரை போகலாம். தண்டனைச் சட்டம் 509ஆம் பிரிவும் உண்டு, ஐந்து ஆண்டு வரை சிறை.

திருப்பித் திட்ட வேண்டும் போலிருந்தால் ஆங்கிலத்தில் வசையில்லாத கனமான சொற்கள் இருக்கின்றன. "அன்அக்செப்டபிள்", "அன்புரொஃபெஷனல்", "ஐ ஆம் வெரி டிஸப்பாயின்டட்". நம் காதுக்கு இவை சப்பென்று இருக்கும். ஆங்கிலேயரிடம் கடைசியாகச் சொன்னதைச் சொல்லிப் பாருங்கள், பிளடி ஃபூல் செய்யாத வேலையை அது செய்யும்.

படி 7: எழுத்தில் வந்தால்

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் "டபிள்யூ.டி.எஃப்." என்று போடுபவர்கள் அதில் எஃப் எதற்கு நிற்கிறது என்று ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுப் போடட்டும். "எல்.எம்.ஏ.ஓ."வில் உள்ள ஏ, "ஆஸ்"தான். "எஸ்.டி.எஃப்.யூ." என்றால் வாயை மூடு, அதுவும் எஃப் சேர்த்து.

இணையத்தில் விடாமல் திட்டுவது வேறு விஷயம். 2024 ஜூலையில் டிக்டாக்கில் அறியப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் இணையப் பகடிவதைக்குப் பிறகு கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டதும், அதையொட்டி ஒருவருக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தில் விழுந்தது 100 ரிங்கிட் அபராதம்தான் என்பதும் நமக்கெல்லாம் தெரியும். 14ஆம் பிரிவில் அதுதான் உச்சவரம்பு. அதற்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் பகடிவதைக்கென்று 507B முதல் புதிய பிரிவுகள் சேர்ந்தன. 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கின்றன. வேண்டுமென்றே மனத் துன்பம் தர மிரட்டியோ இழிவாகவோ பேசினால் மூன்று ஆண்டு வரை சிறை. எந்த மொழியில் திட்டினாலும் இது பொருந்தும்.

புகார் கொடுக்கப் போகுமுன் கருத்தை அழிக்கவோ ஆளை பிளாக் செய்யவோ அவசரப்படாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அதில் கணக்கின் பெயர், தேதி, நேரம், மேலேயும் கீழேயும் உள்ள சில வரிகள் தெரிய வேண்டும். ஆங்கிலச் சுருக்கெழுத்தாக இருந்தால் அதன் விரிவைத் தனித்தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முகப்பில் இருக்கும் போலீஸ்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. புகாரின் நகலை வாங்காமல் நிலையத்தைவிட்டு வெளியே வராதீர்கள்.